இறக்கு, நிறுத்து, ஏற்று, பார்

எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் எடுத்துவிடவில்லை. ஓய்வு பெற்ற ஆளை எடுத்தால் கோபித்துக்கொள்வான் என்று விட்டுவைத்திருக்கிறார்கள் போல. போன வாரம் அதில் ஒரு கேள்வி வந்தது. "சார், கடைமடை மிஷின்ல கஸ்டம் கெர்னல் ஓடுது. ஓஎஸ் அப்டேட் பண்ணச் சொல்லி மேலேர்ந்து ஆர்டர் வந்திருக்கு. நீங்க எப்படிப் பண்ணுவீங்கன்னு ஸ்டெப் ஸ்டெப்பா போட்டீங்கன்னா நல்லா இருக்கும்." கீழே கும்பிடும் கைகள் இரண்டு.

ஸ்டெப் ஸ்டெப்பாகவே சொல்லலாம். எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் பக்கிரிசாமியின் வயலில் போய்த்தான் முடியும். அந்த ஐந்து மா வயலில், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும், கதிர் பால் பிடித்து நின்ற நேரத்தில் கடல் புகுந்தது. ஒரு அப்டேட் நாளில்தான் புகுந்தது. இதையெல்லாம் குழுவில் போட்டால் யாராவது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், அதோடு சரி. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் ஐடிஐ முடித்து எலக்ட்ரீசியனாகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். மோட்டார் சுற்றுவது, பேனல் மாற்றுவது, எலி கடித்த வயரைத் தேடுவது என்று பாதி சர்வீஸ் போயிற்று. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சென்னைக்கு அனுப்பிச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பகுதி நானே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை.

கடைமடை என்றால் காவிரித் தண்ணீர் போய்ச் சேரும் கடைசி இடம். முத்துப்பேட்டைக்கு அப்பால் ஆறு கடலில் விழுவதற்கு முன் குறுக்கே ஒரு மதகு உண்டு. அதில் வரிசையாக இரும்பு ஷட்டர்கள். மழைக்காலத்தில் வயலில் தேங்கும் தண்ணீர் வடிய ஷட்டரை ஏற்ற வேண்டும். கடல் பெருகி உள்ளே வருவதற்கு முன் இறக்க வேண்டும். ஏற்றவில்லை என்றால் பயிர் அழுகும், இறக்கவில்லை என்றால் பயிர் உப்பில் கருகும். அந்தப் பக்கத்து ஜனங்களின் சோறு அந்த ஷட்டர்களின் அடியில்தான் இருக்கிறது.

இந்த ஏற்றி இறக்கும் வேலையைச் செய்யத்தான் மதகு மேலே ஷட்டர் அறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டத்தை அளந்து, கடல் பக்கம் உயர்ந்தால் அதுவே மோட்டாரை ஓட்டி ஷட்டரை இறக்கிவிடும். கம்ப்யூட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு கார்டு. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி அந்தக் கார்டைச் செய்து கொடுத்துவிட்டு, இரண்டொரு வருடத்தில் கடையைக் கட்டிவிட்டது.

கெர்னலை ஒரு கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் புரோகிராமுக்கும் கீழே சொருகியிருக்கும் கருவிகளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்குகிற ஆள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஊருக்குப் பொதுவான ஒரு கங்காணி இருப்பான். அவனுக்கு எங்கள் கார்டைத் தெரியாது. அதனால் அந்தக் கார்டின் டிரைவரைச் சேர்த்து, எங்கள் மதகுக்கென்றே ஒரு கெர்னலைத் தயாரித்து வைத்திருந்தோம். அதுதான் கஸ்டம் கெர்னல். ஓஎஸ் அப்டேட் என்று சும்மா ஒரு பட்டனைத் தட்டினால், அது நம்முடைய ஆளை ஓரம் கட்டிவிட்டுப் பொதுவான கங்காணியைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். மிஷின் அழகாகத்தான் எழுந்து நிற்கும். திரை பளிச்சென்று இருக்கும். ஷட்டர் மட்டும் அசையாது.

அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். நேரில் போகாமல் அந்த மிஷினைத் தொட மாட்டேன். போனதும் முதல் வேலை, ஷட்டர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் கண்ணால் பார்ப்பது. அடுத்து ஆட்டோவை நிறுத்துவது, அப்போதுதான் மிஷின் தானாக எதையும் ஓட்டாது. பிறகு மோட்டாருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு பல்பு மாட்டுவேன். ஏற்றுவதற்குப் பச்சை, இறக்குவதற்குச் சிவப்பு. ஹார்டு டிஸ்கை அப்படியே இன்னொன்றில் நகல் எடுத்து, நகலில்தான் வேலை. புதிய கெர்னலில் பழைய டிரைவர் லேசில் உட்காராது. போன வருடம் ஒரு பெயரில் இருந்த ஃபங்ஷனுக்கு இந்த வருடம் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அவற்றைத் தேடித் திருத்தி, கம்பைல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மிஷின் சோம்பேறி மிஷின். அது முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எல்லாம் முடிந்தாலும் பழைய கெர்னலை அழிக்க மாட்டேன், மெனுவில் கீழே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். கடைசியில், கடல் ஏறிவிட்டது என்று மிஷின் நினைக்கும்படி, கடல் பக்கத்து அளவுமானியைக் கையால் தூக்கிப் பிடிப்பேன். சிவப்பு பல்பு எரிந்தால்தான் வயரைத் திரும்ப மாட்டுவது.

இதையெல்லாம் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதி எங்கள் மேலதிகாரி வைத்தியநாதன் சாரிடம் கொடுத்தேன்.

வைத்தியநாதன் சாரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்ட மனிதர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யாராவது விஷயத்தை நீட்டினால், மேஜை விளிம்புக்கு நேராகப் பேனாவை வைப்பார். அது அசையாமல் நின்றதும் நிமிர்ந்து, "ரெண்டு வார்த்தையில சொல்லுங்க" என்பார். அவரும் அப்படித்தான். லீவு கேட்டால் "போய்ட்டு வாங்க." திட்டுவதானால் "நல்லா இல்ல." அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்தபோதுகூட "வந்துடுங்க, எல்லாரும்" என்றுதான் சொன்னார். நாங்கள் பின்னால் சிரித்துக்கொள்வோம்.

சிரிப்பு நின்றது ஒரு புயல் நாளில். பட்டுக்கோட்டை அலுவலகத்தில் ஒரே ஒரு போன்தான் உயிரோடு இருந்தது. ஒவ்வொரு மதகிலிருந்தும் ஆட்கள் கத்திக்கொண்டே பேசினார்கள். ஒருவன் வீட்டு ஓடு பறந்த கதையைச் சொல்லும்போது இன்னொருவன் லைன் கிடைக்காமல் நின்றான். சார் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். ஊர்ப் பெயர் சொல்வார், "ஏத்தியாச்சா?" என்பார். "ஏத்தியாச்சு" என்றதும் வைத்துவிடுவார். அடுத்த ஊர். "எறக்கியாச்சா?" "எறக்கியாச்சு." இப்படியே பொழுது சாய்கிற வரை. உட்காரவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அந்தப் புயலில் எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு வயலிலும் உப்புத் தண்ணீர் ஏறவில்லை. தென்னை எல்லாம் விழுந்து கிடந்த ஊரில் நெல் மட்டும் பிழைத்தது. நான் அவர் காலில் விழாத குறைதான்.

அன்றிலிருந்து இரண்டு வார்த்தைப் பேச்சு எங்களுக்குச் சட்டமாகிவிட்டது. போனில் யாராவது நீட்டினால் நாங்களே அதட்ட ஆரம்பித்தோம்.

நான் எழுதிக் கொடுத்த பக்கத்தையும் சார் அப்படித்தான் பார்த்தார். பேனாவை எடுத்து அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டச் சொன்னார். "இறக்கு. நிறுத்து. ஏற்று. பார்." அவ்வளவுதான். ஏற்று என்றால் மிஷினில் புதிய கெர்னலை ஏற்றுவது.

"சார், 'ஷட்டரை இறக்கு'ன்னாவது இருக்கட்டுமே" என்றேன்.

"மதகுல வேற என்னங்க எறக்குவாங்க?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இப்போது யோசித்துப் பார்த்தாலும் அந்த நேரத்தில் அது நியாயம்தான்.

பக்கிரிசாமி அந்த மதகின் லஸ்கர். மதகைக் காவல் காத்து ஷட்டரைக் கவனிக்கும் ஆளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். தினக்கூலிக்குத்தான் இருந்தான். வாய் ஓயாதவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஷட்டரைக் கையால் சுற்றிச் சுற்றி அவன் மூட்டு தேய்ந்திருந்தது. அதனால் அந்த மிஷின் மேல் அவனுக்கு அப்படி ஒரு பாசம். ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்து மாலை போடுவான். யாராவது மிஷினைக் குறை சொன்னால் சண்டைக்குப் போவான். "எனக்கு மூட்டு குடுத்த தெய்வம் சார் அது" என்பான். தண்ணீரைப் பார்த்து நேரம் சொல்லும் சூரன் எல்லாம் இல்லை. மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று அக்கடா என்று இருந்தான். எங்களைப் போலத்தான்.

அவன் அப்பா, தாத்தா எல்லாரும் அடுத்தவன் வயலில் நட்டவர்கள். இவனும் அப்படித்தான் இருந்தான். அந்த வருடம்தான் முதல் முதலாக மதகுக்குப் பின்னாலேயே ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சம்பா நட்டிருந்தான். போகும்போதெல்லாம் என்னை வரப்பில் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். வயலைக் காட்டுகிறானா, பெற்ற பிள்ளையைக் காட்டுகிறானா என்று இருக்கும்.

"இந்தப் பொங்கலுக்கு என் வயல் அரிசிதான் சார் பானையில போடணும். எங்க வம்சத்துலயே இதான் மொத தடவ. உங்களுக்கும் ஒரு மரக்கா எடுத்து வெச்சிருவேன், வேணாம்னு சொல்லக் கூடாது."

"மொதல்ல அறுத்து வீட்டுக்குக் கொண்டா" என்றேன்.

"மிஷின் இருக்குல்ல சார். கடலு என்ன பண்ணிரும்?"

அந்த வருடத்து அப்டேட் ஆர்டர் வந்தது மார்கழி அமாவாசையன்று. கம்ப்யூட்டர்களில் ஏதோ ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்களாம், எல்லா மிஷினையும் சாயங்காலத்துக்குள் அப்டேட் செய்தாக வேண்டுமாம். செய்து முடித்த இடத்துக்குப் பச்சை, முடிக்காத இடத்துக்குச் சிவப்பு என்று ஒரு பட்டியல் மேலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கணக்கில் மற்றதெல்லாம் பச்சையாகிவிட்டது. கடைமடை மட்டும் சிவப்பு.

நான் சார் அறைக்குப் போனேன். "இங்கேர்ந்து செய்ய முடியாது சார். நேர்ல போகணும். இன்னைக்கு அமாவாசை, கடல் பெருகும், வாடைக்காத்து வேற. நாளன்னிக்குப் போறேன்" என்றேன்.

பேனாவை விளிம்புக்கு நேராக வைத்தார். அன்றைக்கு அது சரியாக நிற்கவில்லை, இரண்டு முறை தொட்டார். மேலேயிருந்து காலையிலேயே போனில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"இன்னைக்கே போங்க" என்றார். பிறகு கயல்விழியைக் கூப்பிட்டார். கயல்விழி காண்டிராக்டில் வந்து சேர்ந்திருந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர், கெட்டிக்காரப் பெண். "நீங்க இங்கேர்ந்தே ஆரம்பிச்சு வைங்க. இவர் போய்ச் சேர்ந்ததும் ஏத்திடலாம்."

ஜீப்பில் ஏறும் முன் அவளிடம் சொன்னேன். "நான் போற வரைக்கும் எதையும் ஏத்தாதீங்கம்மா."

"சரிங்க சார். அட்டையில இருக்கறபடியே பண்றேன்" என்றாள்.

அதற்குமேல் என்ன சொல்ல? அட்டையில் முதல் வார்த்தை இறக்கு. நான் என் மனதில் அதை ஷட்டரோடு சேர்த்துத்தான் படித்தேன். அந்த வார்த்தையைத் தனியாகப் படிக்க எனக்குத் தெரியவே தெரியாது.

அவளுக்கு இறக்குவது என்றால் டவுன்லோடு. இணையத்திலிருந்து ஃபைலை எடுத்து மிஷினுக்குள் வைப்பதற்கு அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற வார்த்தை அதுதான். அட்டை சொன்னபடியே புதிய ஓஎஸ்ஸையும் கெர்னல் சோர்ஸையும் அலுவலகத்தில் இருந்தபடியே கடைமடை மிஷினில் இறக்கினாள். பிறகு அட்டை சொன்னபடியே ஆட்டோவை நிறுத்தினாள். ஏற்று என்ற இடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது. வயலில் தேங்கியது வடிவதற்காகக் காலையிலிருந்து ஷட்டர்கள் மேலேதான் இருந்தன. வடிகால் வாய்கள் எல்லாம் திறந்து கிடந்தன. ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தால் கடல் ஏறும்போது மிஷினே இறக்கியிருக்கும். ஆட்டோவை நிறுத்தியாயிற்று.

பக்கிரிசாமி அன்றைக்கு மதகில் இல்லை. பக்கத்து ஊரில் அவன் மச்சான் வீட்டுக் கருமாதி. மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று போயிருந்தான். ஆனாலும் அமாவாசை என்று மனசு கேட்காமல், பந்தியில் உட்காரும் முன் அலுவலகத்துக்கு போன் போட்டான். கயல்விழிதான் எடுத்தாள். பின்னால் இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒரு சொல் மாறவில்லை.

"கடைமடை. எறக்கியாச்சாம்மா?"

"எறக்கியாச்சுண்ணே."

இருவரும் போனை வைத்துவிட்டார்கள். அவன் இலையில் உட்கார்ந்தான்.

நான் அப்போது நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு தேங்காய் லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "லோடு எறக்கிக்கிட்டு இருக்காங்க சார், எறக்கினாத்தான் வழி" என்றான். ஆட்கள் ஒருவரை ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டு தேங்காயை ரோட்டோரம் குவித்தார்கள். எனக்கு ஒன்றும் பதற்றம் இல்லை. ஷட்டர் கீழே இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜீப்பிலேயே கண்ணை மூடினேன் என்றுகூட நினைவு.

மதகுப் பாலத்தில் இறங்கியபோது ஷட்டர்கள் எல்லாம் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஆறு கடலை நோக்கி ஓட வேண்டும். அது ஊரை நோக்கி ஓடியது. அலையாத்தி இலையும் நுரையும் என் காலடியில் புகுந்து வயல் பக்கம் போயின. சத்தமே இல்லை. அவ்வளவு அமைதியாக ஒரு நாசம் நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பேனலைக் கைமுறைக்கு மாற்றி ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன். ஷட்டர்கள் முனகிக்கொண்டு இறங்கின. கடல் வெளியே நின்றது. ஆனால் வந்த தண்ணீர் உள்ளே நின்றது. திறந்தால் இன்னும் வரும், மூடினால் வந்தது போகாது. கடல் வற்றும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை. கை இரண்டும் சும்மா இருந்தன, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பக்கிரிசாமி மொபெட்டில் வந்தான். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு வரப்பில் ஓடினான். அந்த மூட்டோடு ஓடினான். வயலில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினான். கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு கை. துப்பினான். மறு மூலைக்குப் போனான். அங்கேயாவது வேறு ருசி இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. ஐந்து மாவையும் அப்படி நக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"எறக்கியாச்சுன்னு சொன்னாங்களே சார்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"மழை வந்தா கழுவிடுமா சார்?" என்றான்.

"கழுவிடும்" என்றேன். வானத்தில் ஒரு திட்டு மேகம் இல்லை. மேலேயிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரும் முறை முடிந்து அடைத்துவிட்ட நேரம் அது. கழுவுவதற்கு எங்கேயும் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. அவனுக்கும் அது தெரியும்.

சாருக்கு போன் செய்தேன். "நிலவரம்?" என்றார். நான் நீட்டி முழக்கித்தான் சொன்னேன். முதல் முறையாக அவர் என்னை நிறுத்தவில்லை. கேட்டு முடித்ததும் சொன்னார்.

"அப்டேட்டை முடிச்சிருங்க."

முடித்தேன். வேறென்ன செய்வது? பல்பு மாட்டினேன், நகல் எடுத்தேன், டிரைவரில் பெயர் மாறியிருந்த இடங்களைத் திருத்தினேன். வாசல்படியில் பக்கிரிசாமி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பைல் ஒரே தடவையில் ஓடியது. புதிய கெர்னல் எழுந்தது, கார்டை அடையாளம் கண்டது. அளவுமானியைத் தூக்கினேன், சிவப்பு எரிந்தது. என் சர்வீஸிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு அப்டேட் முடிந்ததில்லை. பொழுது விழுவதற்கு முன் மேலிடத்துப் பட்டியலில் எங்கள் கடைமடைக்குப் பச்சை விழுந்துவிட்டது.

வயல் பச்சை சில நாளில் போய்விட்டது. முதலில் தோகை நுனி கருகியது. பிறகு கதிர் வெளுத்தது. கையில் உருவிப் பார்த்தால் எல்லாம் பதர். பொங்கலன்று அவன் வீட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

விசாரணை வைத்தார்கள். கயல்விழி நடந்ததை அப்படியே சொல்லி அழுதாள். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஷட்டரை இறக்குவதும் இறக்குவதுதான், ஃபைலை இறக்குவதும் இறக்குவதுதான், கேட்டவன் கேட்டது ஒன்று, சொன்னவள் சொன்னது ஒன்று, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றேன். விசாரிக்க வந்த அதிகாரி பேனாவைத் திருகிக்கொண்டே, "ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்ன்னு ரிப்போர்ட்ல எப்படிங்க எழுதறது?" என்றார்.

வைத்தியநாதன் சார் எழுந்து நின்றார். "தப்பு என்னுது" என்றார். வழக்கம்போல இரண்டே வார்த்தை.

"நீங்க உக்காருங்க சார், பெரிய மனசு உங்களுக்கு" என்று சொல்லி அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர் உண்மையைச் சொல்கிறார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவேளை அவர் நீட்டிப் பேசியிருந்தால் கேட்டிருப்பார்களோ என்று நான் நினைத்து நினைத்துச் சோர்ந்துபோயிருக்கிறேன். அவருக்கு நீட்டிப் பேச வராது.

கடைசியில் எழுதியது இதுதான்: லஸ்கர் பணியிடத்தில் இல்லை. அது உண்மைதான், யாரும் மறுக்க முடியாது. தினக்கூலி ஆளை நிறுத்த உத்தரவுகூட வேண்டியதில்லை, நாளையிலிருந்து வராதே என்றால் போதும். உப்பு ஏறிய நிலத்தை அடுத்த வருடம் அவனால் நட முடியவில்லை. குத்தகையை விட்டுவிட்டான். இப்போது அங்கே இறால் குட்டை இருக்கிறது. உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து உள்ளே விடுகிறார்கள்.

கயல்விழி பெங்களூர் போய்விட்டாள். சார் ஓய்வு பெறும் நாளில், யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சுவரிலிருந்த அட்டையில் பேனாவால் ஒரு வார்த்தை சேர்த்தார். இறக்கு என்பதற்கு முன்னால், ஷட்டரை. பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் அது எறும்பு ஊர்ந்தது போலத் தெரிந்தது. பிறகு வெள்ளையடிக்கும்போது அட்டையைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டவில்லை.

நான் ஓய்வு பெற்றபின் ஒருநாள் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டி வாசலில் பக்கிரிசாமியைப் பார்த்தேன். தலையில் சும்மாட்டுத் துண்டு, மூட்டில் பச்சைத் துணிக்கட்டு. என்னைக் கண்டதும் சிரித்தான். அந்தச் சிரிப்பை ஏன் பார்த்தோம் என்று இருந்தது.

"என்னப்பா வேலை இங்க?"

"ஏத்தறதும் எறக்கறதும்தான் சார். லாரில ஏத்தணும், லாரிலேர்ந்து எறக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இங்க ஒரு வசதி சார். எதைன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. தேங்காதான்."

உள்ளேயிருந்து யாரோ "எறக்கு, எறக்கு" என்று கத்தினார்கள். போய்விட்டு வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனான். அந்த மரக்கால் அரிசியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இவ்வளவும் எழுதியபிறகு, கேட்ட பிள்ளைக்குப் பதில் போடாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. இன்று காலை குழுவில் முதல் ஸ்டெப்பை மட்டும் போட்டேன். "முதலில் மதகின் ஷட்டர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கவும். ஆள் நேரில் போய்க் கண்ணால் பார்க்கவும். அதன் பிறகுதான் மற்றது."

அடுத்த நிமிடமே பதில் வந்தது. "சூப்பர் சார். எறக்கியாச்சு. அடுத்த ஸ்டெப்?"

எதை என்று கேட்டுப் போட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை.